சென்னையில் வறுமை எங்கே போனது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஏழ்மை வெகுவாகக் குறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னால், இன்னொருவர் கூவம் கரையைக் காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் வறுமை குறைந்திருக்கிறது, இடம் பெயர்ந்திருக்கிறது, முகமும் மாறியிருக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடந்ததால்தான் இவ்வளவு குழப்பம். நண்பர்களும் தெரிந்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒரு வரி.

சரி, நேரடியாகச் சொல்லுங்கள். வறுமை குறைந்ததா, இல்லையா?

குறைந்தது. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் வெளியிடும் பல்பரிமாண வறுமைக் கணக்கில் தமிழ்நாட்டின் அளவு 2015-16-இல் 4.76 சதவீதம், 2019-21-இல் 2.20 சதவீதம். உணவு, பள்ளிப் படிப்பு, கழிப்பறை, மின்சாரம், சமையல் எரிவாயு, வங்கிக் கணக்கு போன்றவற்றில் எவையெல்லாம் ஒரு குடும்பத்துக்கு இல்லை என்று பார்த்துப் போடும் கணக்கு அது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெட்ராஸ் குடிசைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஓலைக் கூரையும், அடிக்கடி தீ விபத்தும், ஒருவேளைச் சாப்பாடுமாக இருந்த வாழ்க்கை இன்று அரிது.

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத சில உண்டு. வேலைக்குப் போய்வர எத்தனை மணி நேரம், மாதத்தில் எத்தனை தவணை, வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது? இன்றைய சென்னையில் ஏழ்மை பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

வறுமைக் கோட்டை யார் போடுகிறார்கள்? அது ஏன் ஆளுக்கொரு மாதிரி இருக்கிறது?

கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப ஏழைகள் கூடுவார்கள், குறைவார்கள். 2011-12-க்கு, மத்திய அரசின் திட்டக் குழு அமைத்த டெண்டுல்கர் குழுவின் முறைப்படி இந்திய நகரங்களுக்கான கோடு ஓர் ஆளுக்கு மாதம் 1,000 ரூபாய் செலவு. அதாவது நாளுக்கு 33 ரூபாய். நாடு முழுக்கச் சிரித்தார்கள், திட்டினார்கள். பிறகு வந்த ரங்கராஜன் குழு 2014-இல் அதை மாதம் 1,407 ரூபாய், நாளுக்கு 47 ரூபாய் என்று உயர்த்தியது.

வேடிக்கை என்னவென்றால், முதல் கோட்டின்படி தமிழ்நாட்டு நகரங்களில் ஏழைகள் சுமார் 6.5 சதவீதம். இரண்டாவது கோட்டின்படி சுமார் 20 சதவீதம். அதே ஆண்டு, அதே மக்கள். நாளுக்குப் பதினாலு ரூபாய் வித்தியாசத்தில் ஏழைகள் மூன்று மடங்கு ஆகிறார்கள் என்றால், அந்தப் பதினாலு ரூபாய் இடைவெளியில் ஒரு பெருங்கூட்டம் நெருக்கியடித்து நிற்கிறது என்று பொருள். ஒரு காய்ச்சல், ஒரு வெள்ளம், ஒரு வேலை போனது போதும், கீழே இறங்கிவிடுவார்கள். என்னைக் கேட்டால் சதவீதத்தைவிட இதைத்தான் கவனிக்க வேண்டும்.

வறுமை குறைந்தால் குடிசைப் பகுதி மக்கள் எண்ணிக்கையும் குறைய வேண்டும்தானே? ஏன் ஏறியது?

நல்ல கேள்வி. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையின் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் சுமார் 8.2 லட்சம் பேர். 2011-இல் சுமார் 13.4 லட்சம், ஏறத்தாழ ஊரில் பத்தில் மூன்று பேர். இதில் ஒரு பகுதி எண்ணும் முறை விரிந்ததால் வந்தது. முன்பு கணக்கில் வராத இடங்களும் சேர்ந்தன.

இன்னொரு பகுதி உண்மையான நெருக்கடி. வருமானம் ஏறியது, நிலத்தின் விலை அதைவிட வேகமாக ஏறியது. மாதம் 15,000 சம்பாதிக்கும் குடும்பம் பசியில் இல்லை, ஆனால் நகரத்துக்குள் முறையான வாடகை வீட்டுக்கும் போக முடியாது. கால்வாய்க் கரையிலேயே சுவரைச் செங்கலாக்கி, கூரையை ஆஸ்பெஸ்டாஸாக்கி, உள்ளே டிவியும் பிரிட்ஜும் வைத்து வாழும். வெளியிலிருந்து பார்ப்பவர் “இவங்களா ஏழை?” என்பார். ஏழை இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நாளைக் காலை புல்டோசர் வந்தால் அந்த பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

இதில் ஓர் அரசாங்க விநோதமும் உண்டு. சட்டப்படி ‘குடிசைப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டால்தான் சில பாதுகாப்புகள் கிடைக்கும். 1971-இல் 1,202 பகுதிகளை அடையாளம் கண்டார்கள். 1985-இல் இன்னும் 17 சேர்த்தார்கள். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் ஒரு புதிய பெயரைக்கூடச் சேர்க்கவில்லை.

குடிசை மாற்று வாரியம் எதற்காக வந்தது?

1970-இல், கருணாநிதி முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்டது. மறு ஆண்டே அதற்கான சட்டமும் வந்தது. “ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்” என்பது வாரியத்தின் வாசகம். ஏழு ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இருக்கக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். இலக்கு நிறைவேறவில்லை. ஆனால் அந்தக் காலத்து வேலையில் ஒரு முக்கியமான குணம் இருந்தது: குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது பக்கத்திலேயே மாடி கட்டினார்கள். நொச்சிக்குப்பத்தில் கடலைப் பார்த்து எழுந்த அடுக்குகள் அந்தத் தொடக்க காலத்தவை. மீனவர் கடலை விட்டுப் போகவில்லை, வேலைக்காரர் வேலையை விட்டுப் போகவில்லை.

1970-களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடனோடு வேறொரு முறை வந்தது. வீடு கட்டித் தராமல் சிறு மனை, தெரு, குழாய், சாக்கடை போட்டுக் கொடுத்துவிடுவது. காசு சேரச் சேர அவரவரே கட்டிக்கொள்ள வேண்டும். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் இப்படி நடந்தது. அப்போது இதைத் தோல்வி என்று பலர் எழுதினார்கள். இன்று அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். ஒரு மாடி, இரண்டு மாடி, கீழே மளிகைக் கடை, மேலே வாடகைக்கு விட்ட போர்ஷன், பக்கத்தில் ஒரு வங்கி ஊழியர் வீடு என்று எல்லாத் தரப்பும் கலந்து கிடக்கிறது. இந்த ஊர் செய்த வீட்டுத் திட்டங்களிலேயே உருப்படியானது இதுதான் என்பது என் கட்சி. மலிவாகவும் முடிந்தது. அதனாலேயே யாருக்கும் ரிப்பன் வெட்ட வாய்ப்பில்லாமல் போனது என்று நினைக்கிறேன்.

2021-இல் வாரியத்தின் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மக்கள் இன்னமும் ‘ஹவுசிங் போர்டு’ என்றுதான் சொல்கிறார்கள்.

அப்படியானால் ஊருக்கு வெளியே அனுப்பும் பழக்கம் எப்போது வந்தது?

2000-ஐ ஒட்டி. அந்த ஆண்டைக் கவனியுங்கள். தரமணியில் டைடல் பார்க் என்ற ஐடி வளாகம் திறந்தது 2000-இல். பழைய மாமல்லபுரம் சாலை (ஓஎம்ஆர்) ஐடி நெடுஞ்சாலை ஆகப்போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த நேரம். அதே சாலையின் ஓரத்தில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில், கண்ணகி நகர் முளைத்தது. மேம்பாலத்துக்கும் பறக்கும் ரயிலுக்கும் ஆற்றோரச் சீரமைப்புக்கும் இடம் வேண்டும், அங்கிருந்தவர்களை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். சுமார் 15,600 வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடியை ஒட்டியவை. ஒரு கட்டில் போட்டால் மீதி நடைபாதை.

2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி: சுமார் 6,700 வீடுகள். கடற்கரையிலிருந்து தூக்கியவர்களோடு நகரத்துக் குடிசைவாசிகளும் அங்கே போனார்கள். அப்புறம் பெரும்பாக்கம். மத்திய அரசின் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் கீழ் எட்டு மாடி, சுமார் 23,800 வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளம் அடையாற்றையும் கூவத்தையும் புரட்டிப் போட்டபின், கரையோரக் குடும்பங்களை அங்கே நகர்த்துவது இன்னும் வேகமெடுத்தது.

காரணமாகச் சொன்னது வெள்ள அபாயம். கரையில் இருப்பது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியவை, மழை பலத்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. அதே ஆற்றோரத்திலும் அதே சதுப்பிலும் கட்டிய பெரிய தனியார், அரசுக் கட்டடங்களை யாரும் பெரும்பாக்கத்துக்கு நகர்த்தவில்லை.

வீடு கொடுத்தும் ஏன் திரும்பி வந்துவிடுகிறார்கள்? விற்றுவிட்டு வந்துவிடுகிறார்கள் என்கிறார்களே?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும், தெரியும். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் வேலை செய்யும் ஓர் அக்காவின் கணக்கைச் சொல்கிறேன்.

அவர் மயிலாப்பூர்ப் பக்கம் கால்வாய்க் கரையில் இருந்தார். காலை ஆறுக்கு முதல் வீடு, பத்தரைக்குள் ஐந்து வீடும் முடித்து, நடந்து வீட்டுக்குப் போய்ச் சமைத்து, சாயங்காலம் மறுபடி இரண்டு வீடு. போக்குவரத்துச் செலவு சுழி. பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கியபின் விடிகாலை நாலரைக்குக் கிளம்ப வேண்டும். சாயங்கால வீடுகள் இரண்டும் போய்விட்டன, ஏனென்றால் மதியம் திரும்பிப் போய் மறுபடி வர முடியாது. கணவர் சென்ட்ரல் பக்கம் மூட்டை தூக்குகிறவர். இரவு கடைசி லாரி இறக்கிவிட்டு பஸ் கிடைக்காமல் பாதி நாள் அங்கேயே படுத்துவிடுவார். பையனை அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இடம் மாற்றியதில் அந்த வருடமே போனது.

“வூடு நல்லாத்தான் கீது தம்பி. ஆனா வேல அங்க இல்லியே” என்றார். அவ்வளவுதான் விஷயம்.

சில மாதம் பார்த்துவிட்டு அவர் தங்கை ஒதுக்கீட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்தில் 4,000 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தார். வாரியத்தின் பார்வையில் இது விதிமீறல். வீட்டை அடுத்தவருக்கு விட்டுக் காசு பார்ப்பவர்கள் கிடையவே கிடையாது என்று சொல்லமாட்டேன். ஆனால் நகரத்துக்குள் இருப்பது அவர்களுக்குச் சொகுசு இல்லை, அதுதான் அவர்கள் முதலீடு. கடைக்காரர் கடன் தருவார், டாக்டர் தெரிந்தவர், ஐந்து வீட்டு அம்மாக்கள் ஆபத்துக்கு ஆயிரம் தருவார்கள். 25 கிலோமீட்டர் தள்ளி வைத்தால் இவ்வளவும் அறுந்துபோகும். இழப்பீட்டுக் கணக்கில் இதற்கு ஒரு பைசாகூடக் கிடையாது.

சட்டத்தில் இதற்குப் பாதுகாப்பே இல்லையா?

இருக்கிறது, பலவீனமாக. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கு 1985-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பானது பலருக்குத் தெரியும்: உயிர் வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்ன தீர்ப்பு. அதே சமயத்தில் சென்னைக் குடிசைவாசிகளுக்காக வழக்கறிஞர் கே. சந்துரு தொடுத்த வழக்கிலும் தீர்ப்பு வந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மாற்று இடம் கொடுக்காமல் அகற்றக் கூடாது என்ற நிலை அப்படி உருவானதுதான். ஆனால் ‘மாற்று இடம்’ எவ்வளவு தூரத்தில் என்று யாரும் வரையறுக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் பெரும்பாக்கம் வந்தது.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதற்கப்புறம்தான் பக்கத்திலேயே, மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதிகளில் வீடு தருவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பக்கத்தில் இடம் உண்டு என்பது ஓர் உயிர் போனபின்தான் நினைவுக்கு வந்தது.

வடசென்னை ஏழை, தென்சென்னை பணக்காரன் – இது இன்றும் சரியா?

பாதி சரி. வடக்கு ஒரு காலத்தில் வேலையின் திசை. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் துணி ஆலை தென்னிந்தியாவின் பெரிய ஆலைகளில் ஒன்று. 1918-இல் மெட்ராஸ் லேபர் யூனியன் அங்கிருந்துதான் கிளம்பியது. 1921 வேலைநிறுத்தம் கலவரமாகிப் புளியந்தோப்பை ரணமாக்கியது. அந்த ஆலைத் தொழிலாளிக்கு நிரந்தரச் சம்பளம், போனஸ், மகனுக்கு ஒரு வேலைச் சிபாரிசு எல்லாம் இருந்தன. 1996-இல் ஆலை மூடியது. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள்.

வடக்கில் வேலை குறைந்தது, புகை குறையவில்லை. மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் அனல்மின் நிலையங்கள், கொடுங்கையூர் குப்பை மேடு எல்லாம் அங்கேதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது படகும் வலையும் கறுத்துப்போனது அந்தப் பகுதி மீனவர்களுக்கு. குப்பை போடுபவர் ஓரிடம், மோந்து பார்ப்பவர் வேறிடம்.

ஆனால் தெற்கில் ஏழை இல்லை என்பது தப்பு. ஓஎம்ஆர் கண்ணாடிக் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து கீழே பார்த்தால் கண்ணகி நகர் தெரியும். முன்பு மைல் கணக்கில் தள்ளியிருந்த ஏற்றத்தாழ்வு இப்போது காம்பவுண்டுச் சுவரின் இரண்டு பக்கமும் நிற்கிறது.

அந்த ஐடி கம்பெனிகளால் கண்ணகி நகர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கவில்லையா?

கிடைத்தது. ஹவுஸ் கீப்பிங், செக்யூரிட்டி, கேன்டீன், டிரைவர், இப்போது டெலிவரி. வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாடியைக் கட்டிய கம்பெனிக்கும் அதைத் துடைக்கும் பெண்ணுக்கும் நடுவில் ஒரு கான்ட்ராக்டர், சில இடத்தில் சப்-கான்ட்ராக்டர். பதினைந்து வருடம் அதே மாடியைத் துடைத்தாலும் சம்பளம் குறைந்தபட்சக் கூலியைச் சுற்றியே நிற்கும். ஆலைத் தொழிலாளி ஏறிய ஏணி இங்கே கிடையாது. ஏழ்மையின் முகம் மாறியது என்று நான் சொல்வதில் முக்கியமான பகுதி இது.

அரசாங்க வேலையும் அதே வழியில் போகிறது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகை முன் 13 நாள் உட்கார்ந்தார்கள். குப்பை அள்ளும் பணியைத் தனியாருக்குக் கொடுத்ததுதான் காரணம். 23,000 ரூபாயை ஒட்டி வாங்கிய சம்பளம் 17,000-க்குக் கீழே போகிறது என்பது அவர்கள் குமுறல். நள்ளிரவில் அப்புறப்படுத்தினார்கள். கொரோனா காலத்தில் மாலை போட்டுக் காலில் விழுந்து கும்பிட்ட ஊர் இது.

டெலிவரி இளைஞர்களுக்கு 2023-இல் தனி நல வாரியம் அமைத்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். பெட்ரோலும், கீழே விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் இன்னும் பெரும்பாலும் அவர்கள் பையிலிருந்துதான்.

வாடகை?

சென்னையின் பத்து மாத அட்வான்ஸ் உலகப் புகழ். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. எத்தனை வீட்டுக்காரர்களுக்கு இது தெரியும்? தெரிந்தவர்களும் ஒப்பந்தத்தில் ஒன்றும் கையில் ஒன்றும் வாங்குகிறார்கள். 6,000 ரூபாய் அறைக்கு 60,000 அட்வான்ஸ் என்றால், சித்தாள் வேலை செய்யும் ஒரு குடும்பம் கடன் வாங்கித்தான் குடி போக வேண்டும்.

கடன் எங்கே வாங்குகிறார்கள்?

மூன்று இடத்தில். நகை இருந்தால் அடகுக் கடை. இல்லாவிட்டால் மகளிர் குழுக் கடன், அதாவது மைக்ரோ ஃபைனான்ஸ். அதுவும் போதாவிட்டால் தண்டல்.

தண்டல் எப்படி என்று தெரியாதவர்களுக்கு: பத்தாயிரம் கேட்டால் கையில் 8,500 தருவார்கள். மறுநாளிலிருந்து தினம் நூறு ரூபாய், நூறு நாள். பூக்கடை, மீன்கடை, இட்லிக்கடை எல்லாம் இதில்தான் ஓடுகிறது. “வெறும் 1,500 ரூபாய்தானே” என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். நானும் நீங்களும் ஒன்பது சதவீதத்துக்கு வீட்டுக் கடன் வாங்கிவிட்டு வங்கியைத் திட்டுகிறோம்.

2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் போட்டாயிற்று. தண்டல்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்கு டூவீலரில் வருவது நிற்கவில்லை. ஏனென்றால் காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டில் பூ எடுக்க இரண்டாயிரம் தர வேறு யாரும் அந்த நேரத்தில் விழித்திருப்பதில்லை. குழுக் கடனில் வட்டி குறைவு, அவமானம் அதிகம். ஒருத்தி கட்டாவிட்டால் பத்துப் பேர் அவள் வாசலில் உட்கார வேண்டும். நேற்றுவரை ‘அக்கா’ என்றவள் இன்று வசூல்காரி.

தண்ணீர்கூட ஏழைக்குத்தான் விலை அதிகமா?

பல தெருக்களில் ஆமாம். வீட்டுக்குள் குழாய் இருப்பவர் ஒரு குடத்துக்குச் சில காசுகள் கொடுப்பார். குழாய் இல்லாதவர் கேன் வாங்குகிறார், லாரிக்குக் காத்திருக்கிறார். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அப்போது பெரிய அப்பார்ட்மென்ட்கள் தனியார் லாரியை விலைக்கு வாங்கின. குப்பத்துப் பெண்கள் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் குடத்தோடு நின்றார்கள். ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் அந்தக் குடத்தின் விலை என்ன?

இலவசம் கொடுத்துக் கொடுத்துத்தானே மக்களைக் கெடுத்துவிட்டார்கள்?

இல்லை. 2011 முதல் ரேஷனில் இலவச அரிசி, 2013-இல் வந்த அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி, 2021 முதல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2022 முதல் அரசுப் பள்ளியில் காலைச் சிற்றுண்டி, 2023 முதல் மாதம் ஆயிரம் உரிமைத் தொகை. இவற்றில் 2021-க்கு முன் வந்தவை இல்லாமல் மேலே சொன்ன 2.20 சதவீதம் வந்திருக்காது. பஸ் பயணத்தால் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. பெரும்பாக்கத்து அக்கா இன்னும் மயிலாப்பூருக்கு வேலைக்கு வருவது அந்த பஸ்ஸால்தான்.

எனக்கு இருக்கும் குறை வேறு. ஒரு கையால் வீட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு, மறு கையால் இலவச பஸ் தருகிறோம். இரண்டுக்கும் செலவு அரசாங்கத்துடையது, நேரம் அந்தப் பெண்ணுடையது.

குடிதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

குடி பெரிய ஓட்டை, மறுக்க மாட்டேன். ஆனால் 2003-லிருந்து சில்லறையில் விற்பது அரசாங்கமே. அந்த வருமானம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

இதில் சாதி எங்கே வருகிறது?

எல்லா இடத்திலும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் பெரும்பான்மை தலித் குடும்பங்கள். தூய்மைப் பணியிலும் அப்படியே. வாடகைக்கு வீடு தேடும்போது ‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற பலகையை வெறும் சாப்பாட்டு விஷயமாக எடுத்துக்கொள்பவர் இந்த ஊருக்குப் புதியவர். சம்பளம் இருந்தும் வீடு கிடைக்காத தலித், முஸ்லிம் நண்பர்கள் எனக்கு உண்டு. பணம் வந்தால் இது போய்விடும் என்பது பாதிதான் சரி.

வடமாநிலத் தொழிலாளர்கள் வந்துதான் கூலி குறைந்ததா?

மெட்ரோ தூண்களையும் ஓஎம்ஆர் கோபுரங்களையும் கட்டியவர்கள் பீகார், ஒடிசா, வங்காளம், அசாமிலிருந்து வந்தவர்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், அல்லது சைட்டிலேயே தகரக் கொட்டகை. ரேஷன் அட்டை ஊரில், ஓட்டு ஊரில். 2020 ஊரடங்கில்தான் இவர்கள் எத்தனை பேர் என்பதே நமக்கு உறைத்தது. சென்னையின் அடித்தட்டில் ஒரு புதிய படி இது, நம் குடிசைப் பகுதிகளுக்கும் கீழே. கூலியை இவர்கள் குறைத்தார்கள் என்பதைவிட, குறைந்த கூலிக்கு ஆள் கொண்டுவரும் மேஸ்திரியும் கம்பெனியும் குறைத்தார்கள் என்பதே பொருத்தம்.

கண்ணகி நகர் என்றால் குற்றம் என்கிறார்களே?

ஒரே மாதிரி ஏழைகளை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் குவித்து, வேலையையும் பள்ளியையும் பிரித்தால் எந்த ஊரிலும் பிரச்சினை வரும். அதைவிடக் கொடுமை, முகவரியே தண்டனையாவது. நேர்காணலில் கண்ணகி நகர் என்று சொல்லாமல் துரைப்பாக்கம் என்று எழுதும் இளைஞர்கள் ஏராளம். 2020-இல் அங்கே சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். அது நல்லதுதான், ஆனால் அதனால் வேலை வந்துவிடவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா ஆடினார். அதற்கப்புறம்தான் பலர் அந்தப் பெயரை முதல்முறையாகப் பெருமையோடு உச்சரித்தார்கள்.

மெட்ரோ ரயில் வந்தால் இந்தத் தூரம் குறையுமா?

கொஞ்சம். இரண்டாம் கட்டத்தில் ஒரு தடம் மாதவரத்திலிருந்து ஓஎம்ஆர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை போகிறது. இன்னொரு தடம் சோழிங்கநல்லூரில் வந்து சேர்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து அங்கே வரவே ஒரு பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிக்க வேண்டும். நிலையத்தைச் சுற்றி வாடகை ஏறும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

அக்காவிடம் இந்தத் தடத்தைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: “அதுல லேடீஸுக்கு டிக்கெட் உண்டா தம்பி, இல்ல பஸ்ஸு மாதிரி ஃப்ரீயா?”

டிக்கெட் உண்டு என்றேன்.

“அப்ப பஸ்ஸே போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.